நான் படித்தால் கோர்ஸ், தம்பி படித்தால் தோல்வியா?

ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு விதமான தேர்வு முடிவுகள் வருவதுண்டு. பல்கலைக்கழகப் பாடத்துக்கு வருவது மதிப்பெண். 68, 74 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். டிப்ளோமா பாடத்துக்கு வருவது ஒரு வரி. ‘தகுதி பெற்றார்’ அல்லது ‘இன்னும் தகுதி பெறவில்லை’. எண் கிடையாது, கிரேடு கிடையாது, வகுப்பில் எத்தனையாவது ஆள் என்ற பேச்சும் கிடையாது.

நான் மெல்பர்னில் வணிக இளங்கலைப் பட்டத்தையும் சந்தைப்படுத்தல் தொழில்திறன் டிப்ளோமாவையும் ஒருசேரப் படிக்கிறேன். ஆஸ்திரேலியாவில் சில பல்கலைக்கழகங்களை ‘இரட்டைத் துறை’ பல்கலைக்கழகங்கள் என்பார்கள். பட்டப்படிப்பும் தொழில்திறன் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். மெல்பர்னில் ஆர்எம்ஐடி, ஸ்வின்பர்ன், விக்டோரியா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் அந்த வகை. இப்படி ஓர் இடத்தில் பட்டத்துக்கு 24 பாடங்கள், டிப்ளோமாவுக்கு 12 பாட அலகுகள் என்று எடுக்கிறேன். டிப்ளோமாவில் முடிக்கும் சில அலகுகள் பட்டத்தின் கணக்கிலும் சேர்ந்துவிடுவதால் மொத்தம் 36 ஆகாது. மூன்றாண்டுப் படிப்பு எனக்கு அரையாண்டு கூடுகிறது.

என் அம்மா உறவினர்களிடம் இந்தப் படிப்பின் பெயரைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திக்கொள்வார். “மெல்பர்ன்ல பிசினஸ் டிகிரி பண்றா” என்பதோடு சரி. ‘டிப்ளோமா’ வாய்க்குள்ளேயே தங்கிவிடும். டிகிரி படிக்கிற பிள்ளைக்கு டிப்ளோமா எதற்கு என்று யாராவது கேட்டால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்பது அவர் கவலை. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். எஸ்பிஎம் முடித்து அடுத்து எங்கே என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைவிட அதிகமாக யோசிக்கும் பெற்றோருக்கும் அது தேவைப்படலாம்.

முதலில் அந்த ஒரு வரி முடிவைப் பற்றி.

பல்கலைக்கழகத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி. 80-க்கு மேல் எடுத்தால் உச்ச நிலை. கட்டுரையில் கொஞ்சம் சறுக்கினாலும் இறுதித் தேர்வில் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதாவது பாடத்தில் ஒரு பகுதி தெரியாமலே தாண்டிப் போக இடம் இருக்கிறது. டிப்ளோமாவில் அந்த ஈடுகட்டல் கிடையாது. ஒவ்வொரு பாட அலகுக்கும் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கோப்பு திரும்பி வரும்.

நம் ஊரில் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருண்டுவிட்டால், பார்க்கிங் எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும் ஜேபிஜே அதிகாரி தேர்ச்சி தரமாட்டார். மேட்டுக்கு 30, பார்க்கிங்குக்கு 95, சராசரி 62.5, எனவே சாலையில் ஓட்டலாம் என்று லைசென்ஸ் கொடுத்தால் நாமே பயப்படுவோம். ஒரு நிறுவனத்தின் விளம்பரச் செலவை ஒருவர் கையில் கொடுக்கும்போது மட்டும் சராசரி போதும் என்று நினைக்கிறோம்.

திரும்பி வந்த கோப்பைத் திருத்திக் கொடுக்கலாம் என்பதால் இது சுலபமான படிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். என் வகுப்பில் பல்கலைக்கழகப் பாடங்களில் எப்போதும் முன்னணியில் இருக்கும் ஒரு மாணவரின் விளம்பரத் திட்டம் முதல் சுற்றில் திரும்பி வந்தது. எழுத்து நடை குறையில்லை, மேற்கோள்கள் ஏராளம். ஆனால் திட்டம் பலன் தந்ததா இல்லையா என்பதை எப்படி அளப்பீர்கள் என்ற பகுதியில் ஒரு பொதுவான பத்திதான் இருந்தது. எந்த நாள், எந்த எண்ணிக்கை, யார் எண்ணுவார்கள் என்று இல்லை. பல்கலைக்கழகத்தில் இதற்கு ஐந்தாறு மதிப்பெண் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே மொத்தத் திட்டமும் நின்றுவிட்டது. அவர் அரை நாள் வாயே திறக்கவில்லை.

கொடுக்கும் சான்றுக்கும் விதிகள் உண்டு. அது பாடத்துக்குப் பொருந்த வேண்டும், போதுமான அளவு இருக்க வேண்டும், நீங்களே செய்ததாக இருக்க வேண்டும், அண்மையில் செய்ததாகவும் இருக்க வேண்டும். நான்காவது விதி எனக்குப் பிடித்தது. சந்தைப்படுத்தலில் மூன்றாண்டுக்கு முன் தெரிந்திருந்தது இன்றைக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது அல்லவா?

இனி ஒரு கடைக்குப் போவோம். மெல்பர்னின் தென்கிழக்கில் டாண்டினாங் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஃபாஸ்டர் தெருவைச் சுற்றி ‘லிட்டில் இந்தியா’ உண்டு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வளர்ந்த எனக்கு அந்தத் தெரு பாதி அளவுகூட இல்லை என்று தோன்றும், இருந்தாலும் சாம்பிராணி வாசனை ஒன்றுதான். விளம்பரத் தொடர்புத் திட்டம் தயாரிக்கும் பாட அலகுக்கு உண்மையான ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவரிடம் கேட்டேன்.

அதற்கு முந்தைய செமஸ்டரில்தான் சந்தைப் பிரிவாக்கம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தேன். வயது, வருமானம், வாழ்க்கை முறை, மனப்பாங்கு என்று வாடிக்கையாளர்களை எப்படிப் பிரிப்பது என்பது மனப்பாடம். அதை அங்கிளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “உங்கட புத்தகத்தில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. சனிக்கிழமை காலமை வந்து கல்லாவுக்குப் பக்கத்தில நிண்டு பாருங்கோ.”

போய் நின்றேன். அங்கே வாடிக்கையாளர்களைப் பிரித்தது அரிசி. சிவப்பரிசி மூட்டையைத் தேடி வந்தவர்கள், சோனா மசூரி கேட்டவர்கள், கேரளத்து மட்டை அரிசி இருக்கிறதா என்று கேட்டவர்கள், எதுவும் கேட்காமல் நேரே பாஸ்மதியை எடுத்தவர்கள். பிஜி இந்தியக் குடும்பம் ஒன்று ரொட்டி மாவு மட்டும் வாங்கிப் போனது. எல்லாரையும் ஆங்கிலப் புத்தகங்கள் ‘தெற்காசிய நுகர்வோர்’ என்று ஒரே கட்டத்தில் அடைத்திருந்தன. இன்னொன்றும் கவனித்தேன். கடைக்குள் நுழைகிறவர்களில் பலர் முதலில் கேட்டது, “முருங்கைக்காய் வந்துட்டுதா?” இல்லையென்றால் சிலர் எதுவும் வாங்காமலே திரும்பினார்கள்.

நான் எழுதிய திட்டம் அதிலிருந்துதான் பிறந்தது. ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை வீடு வீடாகப் போடும் யோசனையை விட்டுவிட்டு, சரக்கு வரும் நாளன்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பலாம் என்று எழுதினேன். செய்தியை நானே தமிழில் எழுதிக் காட்டியபோது அங்கிள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். நான் எழுதியது ‘காய்கறி’. அவர் வாடிக்கையாளர்களுக்கு அது ‘மரக்கறி’.

யோசனை சொல்வதோடு வேலை முடியவில்லை. வாட்ஸ்அப் எண்களை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்டார். ஆஸ்திரேலியாவில் 2003-ஆம் ஆண்டின் ஸ்பேம் சட்டம் இருக்கிறது. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, உடனடிச் செய்தி எதுவானாலும் வணிக நோக்கில் அனுப்ப ஒப்புதல் வேண்டும், அனுப்புவது யார் என்று தெரிய வேண்டும், வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள வழி வேண்டும். நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடி விற்பனைச் செய்திகளுக்கு நம் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று சொல்லும் உரிமையைத் தருகிறது. தனியுரிமை பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் விவாதித்தோம், நல்ல விவாதம். டிப்ளோமாவில் கல்லாப்பெட்டி அருகே வைப்பதற்கு ஒப்புதல் படிவம் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்தேன். வயதானவர்களும் படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்கு என்று அங்கிளின் மனைவி சொல்ல, மூன்றாவது முறையாக அச்சடித்தோம்.

இதையெல்லாம் சொல்வதால் பல்கலைக்கழகப் பாதி வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அப்படி எழுதுவது இப்போது ஒரு ஃபேஷன். யூடியூப்பில் டிகிரி வேண்டாம், ஸ்கில் போதும் என்று சொல்கிறவர்களில் பலர் கடைசியில் ஒரு கோர்ஸ் விற்பார்கள்.

டிப்ளோமாவின் பலவீனம் எனக்கு நன்றாகத் தெரியும். பட்டியலில் இருப்பதைச் செய்துவிட்டால் போதும் என்பதால் சில அலகுகள் படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிடும். ஒரு பொருளைச் சந்தைப்படுத்துவது எப்படி என்று அது சொல்லித் தரும். அந்தப் பொருளைச் சந்தைப்படுத்தலாமா என்று கேட்காது. சிறுவர்களைக் குறிவைக்கும் இனிப்புப் பான விளம்பரம், சம்பளம் வருவதற்குள் செலவழிக்கச் சொல்லும் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ திட்டம் ஆகியவற்றைப் பற்றிய சந்தேகம் எனக்குள் விழுந்தது பல்கலைக்கழக விரிவுரை அறையில்தான். புள்ளியியலும் பொருளாதாரமும் அங்கேதான் கிடைத்தன. இரண்டும் இல்லாமல் ‘விற்பனை கூடியது’ என்ற பேச்சை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிக்க முடியாது. சரக்கு வரும் நாளில் செய்தி அனுப்பினோம், கூட்டம் கூடியது. ஆனால் அந்த வாரம் பள்ளி விடுமுறையா, சம்பள வாரமா என்று கேட்கத் தூண்டியது புள்ளியியல் வகுப்பு.

ஒரே விஷயத்தை இரண்டு முறை படிக்கும் அலுப்பும் உண்டு. ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் எழுதிய பாடநூலில் பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நான்காக வகுத்தார். அந்த நான்கையும் நான் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலும் புதன்கிழமை டிப்ளோமா வகுப்பிலும் கேட்டேன். இரண்டு வகுப்பிலும் அதே நான்கு வட்டங்கள், அதே நீல நிறம்.

இங்கே கொஞ்சம் விலகி ஒன்று சொல்ல வேண்டும், தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது என்பதால். டிப்ளோமாவின் கட்டாயப் பாடங்களில் ஒன்று விளம்பர வாசகம் எழுதுவது. ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அப்போது நம் ஊர்த் தீபாவளிப் பதாகைகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் கிடக்க, ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்பதை யாரும் படிக்க முடியாதபடி தொங்கவிட்டிருப்பார்கள். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் அப்படித்தான் சிதறும். அமைப்பை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் சிதறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். எழுத்து சரியாக வந்தாலும் வாசகம் மலாயிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ அப்படியே பெயர்த்ததாக இருக்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஒரு பிள்ளை சந்தைப்படுத்தல் திறனையும் முறையாகக் கற்றால், அந்த அறையில் அவருக்கு நாற்காலி உண்டு. ‘தமிழ் படித்து என்ன செய்வது’ என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

சரி, டிப்ளோமா விஷயத்துக்கு வருகிறேன். நான் படிப்பதில் அதுவும் ஒன்று என்று உறவினர்களுக்கு ஒருவழியாகத் தெரிந்தபோது யாரும் குறைவாகப் பேசவில்லை. “ரெண்டு சேர்ட்டிபிகேட்டா? கெட்டிக்காரிதான்” என்றார்கள். பட்டத்தின் நிழலில், விமானம் ஏறிப் போய்ப் படிப்பதால், தொழில்திறன் கல்வி திடீரென்று அழகாகிவிட்டது.

அதே ஆண்டில் என் சித்தி மகன் எஸ்பிஎம் முடித்தான். முடிவுகள் மோசமில்லை, பெருமைப்படும்படியும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றிப் போட்டுத் திரும்பப் பூட்டுகிறவன். ஷா ஆலாமில் அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்றில் ஏர்கோன் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்று சொன்னான். வீட்டில் இழவு விழுந்தது போல ஓர் அமைதி. சித்தப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் ஏதாவது ஒரு டிப்ளோமா எடு, கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்றார். தம்பி எனக்கு போன் செய்து கேட்டான்: “என்னக்கா, நீங்க படிச்சா கோர்ஸ், நான் படிச்சா ஃபெயிலா?”

நான் அவனிடம் விசாரித்த ஒரே விஷயம், அங்கே எப்படி மதிப்பிடுவார்கள் என்பது. ‘தெராம்பில்’ அல்லது ‘பெலும் தெராம்பில்’ என்றான். திறன் பெற்றவர், இன்னும் திறன் பெறாதவர். எனக்கு மெல்பர்னில் வரும் அதே ஒரு வரி, மலாயில்.

இது தற்செயல் ஒற்றுமை இல்லை. நம் நாட்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எஸ்கேஎம் என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று முதல் மூன்று நிலை வரை, அதற்கு மேல் டிகேஎம் நான்காம் நிலை, டிஎல்கேஎம் ஐந்தாம் நிலை. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் சாதாரண டிப்ளோமா எந்த நிலை தெரியுமா? அதுவும் நான்குதான். சித்தப்பா கடன் வாங்கிக் கட்டத் துணிந்த தனியார் கல்லூரி டிப்ளோமாவும், தம்பி எஸ்கேஎம் மூன்றாம் நிலைக்குப் பிறகு எடுக்கக்கூடிய டிகேஎம்மும் அரசாங்கத்தின் ஏட்டில் ஒரே படியில் நிற்கின்றன. நம் வீட்டு ஏட்டில்தான் ஒன்று மாடியிலும் மற்றது படிக்கட்டுக்குக் கீழேயும் இருக்கிறது.

அந்த ஏட்டை எழுதியது யார் என்று சித்தப்பா மீது கோபப்படுவதும் நியாயமில்லை. அவருக்குத் தெரிந்த ‘கைத்தொழில்’ என்பது வெயிலில் ஏணி ஏறுவதும் நாள் சம்பளமும். அவர் அண்ணன் இருபது ஆண்டுக்கும் மேலாக லாரி எஞ்சின் பழுதுபார்க்கிறார், கையில் ஒரு சான்றிதழ் இல்லை. அதனால் கூலி பேசும்போதெல்லாம் மற்றவர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுகிறார். மகனுக்கு அந்த நிலை வரக்கூடாது என்ற பயம்தான் பட்டத்தின் மேல் பக்தியாக மாறியிருக்கிறது. ஆனால் அந்தப் பெரியப்பாவின் அனுபவத்தையே சான்றாகக் காட்டி எஸ்கேஎம் பெறும் வழி இன்று இருக்கிறது. முன் அனுபவத்துக்கு அங்கீகாரம் என்ற அந்த முறையில், செய்த வேலைகளுக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து மதிப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும். நான் மளிகைக் கடைக்குத் தயாரித்ததும் அப்படி ஒரு கோப்புத்தான்.

பல்கலைக்கழகங்களின் பிறப்பைப் பார்த்தாலும் இந்த மேல் கீழ் கணக்கு நிற்காது. ஆர்எம்ஐடி 1887-இல் ‘உழைப்பாளர் கல்லூரி’ என்ற பெயரில் தொடங்கியது. பகலில் வேலை செய்தவர்கள் மாலையில் வந்து படித்த இடம். பல்கலைக்கழகமானது 1992-இல். ஸ்வின்பர்னும் 1908-இல் தொழில்நுட்பக் கல்லூரியாகப் பிறந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் பெற்றோர் இன்று பெருமையோடு சொல்லும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யுடிஎம், 1904-இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கியது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம், 1975-இல்தான் இன்றைய பெயர்.

என்னைப் போல இரண்டையும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். வெளிநாட்டு மாணவருக்கு அங்கே அரசாங்கக் கல்விக் கடன் கிடையாது, பிடிபிடிஎன் கடனும் உள்நாட்டுக் கல்விக்கு மட்டும். கூடுதலான அரையாண்டு என்றால் கட்டணம் மட்டுமின்றி அரையாண்டு வாடகையும் சாப்பாடும். என் வீட்டில் அம்மாவின் ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கென்று எடுத்தார்கள். ஒவ்வொரு செமஸ்டர் பணம் கட்டும்போதும் அது அம்மாவின் ஓய்வுக்காலம் என்று எனக்குத் தெரியும். பகுதி நேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று ஏஜெண்டு சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். 2023 ஜூலை முதல் மாணவர் விசாவில் இருப்பவர், படிப்பு நடக்கும் காலத்தில், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

பட்டம், டிப்ளோமா இரண்டும் வெளிநாட்டு மாணவர்களுக்கென உள்ள ‘கிரிக்கோஸ்’ பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிப்ளோமாவின் எத்தனை அலகுகள் பட்டத்தில் சேரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சில் ‘சேரும்’ என்றதை நம்பி வந்து, பிறகு கூடுதல் பாடங்கள் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். பட்டத்தைப் பாதியில் விட நேர்ந்தால் முடித்த டிப்ளோமா தனியாகக் கையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா ஐந்தாம் நிலை, பட்டம் ஏழாம் நிலை. நம் நாட்டில் அவை முறையே நான்கும் ஆறும். எண்ணை மட்டும் பார்த்து அங்குள்ள டிப்ளோமா இங்குள்ளதைவிட ஒரு படி உயர்ந்தது என்று யாராவது விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இரண்டு சான்றிதழ் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இதில் சேரவும் வேண்டாம். நேர்முகத்தில் யாரும் என்னிடம் டிப்ளோமாவைக் காட்டு என்று கேட்டதில்லை. விடுமுறைக் காலப் பயிற்சிக்காகப் போன ஓரிடத்தில், “நீ செய்த வேலை எதையாவது காட்டு” என்றார்கள். ஒப்புதல் படிவத்தையும், சரக்கு வந்த நாள் செய்திகளையும், செலவுக் கணக்கையும் காட்டினேன். பெரும்பாலான நேரம் முருங்கைக்காயைப் பற்றித்தான் பேசினோம்.

தம்பியின் விஷயத்தில் சித்தியின் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: “அங்க போய்ட்டா அப்புறம் யூனிக்கே போக முடியாதா?” முடியும். டிகேஎம், டிஎல்கேஎம் முடித்தவர்களைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்புகளுக்கு எடுக்கும் நான்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பத்து பகாட்டில் யுடிஎச்எம், மலாக்காவில் யுடெம், பகாங்கில் யுஎம்பிஎஸ்ஏ, பெர்லிஸில் யுனிமேப். வழி நீளமானது, நடுவில் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. அதையும் மறைக்காமல் நிலை வாரியாக ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். சித்தப்பா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாராம். விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.